இருநூற்றுப் பன்னிரண்டு டிரான்ஸ்பார்மர்கள்

ஆகஸ்ட் 12, திங்கள்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெனிபர் மேடம் சொல்லி வாங்கியது. "ஐயா தினமும் என்ன சொல்ல வர்றாரு, கையால என்ன காட்டுறாரு, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா" என்றார். அவர் சொன்னால் தட்ட முடியாது, அவ்வளவு நல்ல பிள்ளை.

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்தது. வலது காலில் பாதி திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சுதான் அடியோடு போய்விட்டது. நாம் பேசுவது புரிகிறது. பதிலுக்கு 'ம்', 'ஆ', அவ்வளவுதான். சொல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம், எடுத்துக் கொடுக்கிற வழிதான் அடைத்துக்கொண்டதாம். முதல் ஆறு மாதத்தில் வந்தால் உண்டு, அதற்கப்புறம் மெதுவாகத்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிசம்பர் வரை கெடு.

இன்று சொன்னது: ஒன்றுமில்லை. காட்டியது: கீழ் அறையை.

ஆகஸ்ட் 14, புதன்

கீழ் அறை என்றால் அவருடைய பட்டறை. மாடிக்கு இனி ஏற முடியாது. கீழே பாத்ரூமை ஒட்டி இருப்பது அந்த ஒரு அறைதான். இப்போது ஹாலில், வாசலுக்கு நேராகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். சிலிண்டர் போடுகிறவர் முதல் பால்காரர் வரை எல்லோரும் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அறையைக் காலி செய்யலாம் என்று போனால் கால் வைக்க இடமில்லை. கூரை வரை அட்டைப்பெட்டி. எல்லாம் டிரான்ஸ்பார்மர். சதுரக் கட்டையாக இருக்குமே, அது இல்லை. இவை வட்டமானவை, நடுவில் ஓட்டை, பெரிய உளுந்து வடை மாதிரி. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இரும்பு வளையத்தின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, மேலே மஞ்சள் டேப் ஒட்டியது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆம்ப்ளிபயர் செய்கிற ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்தது. இவர் ராப்பகலாகச் சுற்றி முடித்த வாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இதுகள் இங்கேயே குடித்தனம். எதுவும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை, ஒரு பாட்டுக்கும் உதவவில்லை.

இன்று எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. பின் சுவரோரம் மேஜைக்கு அடியில் கிடப்பது எட்டவில்லை, விட்டுவிட்டேன்.

ஓசூரிலிருந்து மகள் வினோதினி போன் செய்தாள். "பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாப் போட்டுருங்கம்மா. ஒரே நாள்ல ரூம் காலியாயிரும்."

"முடியாது. புது மாலு. பீஸ் கணக்குலதான் விப்பேன்."

"நல்லாருக்குதே! அதுகளைக் கண்டாலே பத்திரகாளியாட்டம் ஆடுனது நீங்கதானுங்கம்மா?"

பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஜெனிபர் மேடம் இன்று ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல ஐயா உங்களை எப்படிம்மா கூப்பிடுவாரு? வாய்க்குப் பழகின சொல்லுலருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் வரும்."

"தெய்வா-ன்னு கூப்பிடுவாருங்க" என்றேன். என் பெயர் தெய்வானை. அது பொய்யில்லை. கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வரை.

இதை நோட்டில் எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதித் தொலைக்கிறேன். நானும் அவரும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சண்டையும் இல்லை. ஒரே வீடு, ஒரே சோறு. நான் பிரிட்ஜைப் பார்த்து "சோறு ஆறுது" என்பேன். அவர் டி.வி.யைப் பார்த்து "இதோ வந்தாச்சு" என்பார். விருந்தாளி வந்தால் ஆளுக்கொரு பக்கம் விருந்தாளியிடம் பேசிக்கொள்வோம். ஊரில் ஒருவருக்கும் தெரியாது, மகளுக்கு அரைகுறையாகத் தெரியும். முதலில் அவர் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவர் என்ன நினைத்துக்கொண்டு இருந்தாரோ.

எதனால் வந்தது என்று கேட்டால், சின்ன விஷயம். மறந்துகூடப் போயிற்று.

ஜெனிபர் மேடம் அவர் முன்னால் உட்கார்ந்து "தெய்...வா... சொல்லுங்க சார், தெய்...வா" என்றார். வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். சிலிண்டர்காரருக்குத் திருப்புகிற மாதிரியே.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வரவில்லையா, வர மறுக்கிறதா? இதை யாரிடம் கேட்பது.

செப்டம்பர் 2, திங்கள்

வினோதினி சொல்லிக்கொடுத்தபடி போட்டோ எடுத்து, பழைய பொருள் வாங்கி விற்கிற செயலியில் போட்டேன். "வட்ட டிரான்ஸ்பார்மர். பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது. ஆம்ப்ளிபயர் செய்பவர்களுக்கு ஏற்றது." இவ்வளவு போதும் என்று நினைத்தேன். நாள் முழுக்க போன். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த ஒயர் எங்கே போகும்? ஜாக்கெட் தைக்கிறவளிடம் இதைக் கேட்டால்? கை நீளம், கழுத்து இறக்கம் கேட்டால் சொல்வேன்.

வாணியம்பாடியிலிருந்து இலியாஸ் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார். பொடியன்களை வைத்து ஆம்ப்ளிபயர் செய்கிறாராம். "அக்கா, சுத்தினவரு பக்கத்துல இருந்தா கேட்டுச் சொல்லுங்களேன், எத்தனை ஆம்பியர்னு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பிரிட்ஜிடம் சொன்னேன்: "எத்தனை ஆம்பியர்னு ஒருத்தர் கேக்கறார்."

கட்டிலில் இருந்து இடது கை மேலே எழுந்தது. நான்கு விரல். நான் "நாலா?" என்றேன், பிரிட்ஜிடம்தான். "ம்" என்றது கட்டில்.

இன்று காட்டியது: நான்கு விரல். இலியாஸுக்குப் பத்து பீஸ்.

செப்டம்பர் 5, வியாழன்

சோதிக்காமல் ஒரு பீஸையும் அனுப்ப விட மாட்டேன் என்கிறார். வாயால் அல்ல, நான் பெட்டியை ஒட்டப் போனால் கட்டில் சட்டத்தில் தட்டுகிறார். பட்டறையிலிருந்து அந்தப் பல்புப் பலகையை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். ஒரு பலகை, அதில் நூறு வாட் குண்டு பல்பு, ஒரு சுவிட்ச். கரண்ட் பல்பு வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. நல்ல பீஸ் என்றால் சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்துவிடும். உள்ளே கோளாறு என்றால் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும்.

நான் ஒயரை மாட்டுகிறேன், அவர் இடது கையால் சுவிட்ச் போடுகிறார். மினுக், அணைந்தது. அடுத்தது. மினுக், அணைந்தது. இருபது பீஸ் பார்த்தோம். ஒன்றுகூடச் சோடை இல்லை. பத்து வருஷம் பெட்டிக்குள் கிடந்தும்! கடைசிப் பீஸ் அணைந்ததும் என்னைப் பார்த்தார். எப்படி என்கிற மாதிரி. நான் பல்பைப் பார்த்து, "பரவால்ல" என்றேன்.

பரவாயில்லை என்றா சொல்வது. நல்ல வேலைக்காரன் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவேன். எனக்கு இந்த வாய் ஒன்று.

செப்டம்பர் 11, புதன்

ரசம் ஊட்டினேன். மூன்றாவது வாயில் கரண்டியைப் பிடுங்கினார். பக்கத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரின் ஓட்டைக்குள் அதைச் செருகினார். அப்புறம் கரண்டியின் இந்த முனையில் கட்டைவிரலும் அந்த முனையில் நடுவிரலும் வைத்துக்கொண்டு, கையை என் முகத்துக்கு நேரே ஆட்டி "ஆ! ஆ!" என்றார். எடுப்பார், செருகுவார், பிடிப்பார், "ஆ!" என்பார். சின்னக் குழந்தை விளையாடுகிற மாதிரி.

கரண்டியைப் பிடுங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று. புத்தியும் போய்க்கொண்டிருக்கிறதா இந்த மனுஷனுக்கு? புத்தியையாவது விட்டு வைத்தாய் என்று மாரியாத்தாளுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே.

ஜெனிபர் மேடத்திடம் இதைக் காட்டப் போவதில்லை.

செப்டம்பர் 18, புதன்

இலியாஸ் போன். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு பீஸ் புகைஞ்சிருச்சு. பசங்க பயந்துட்டாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "புகையாதுங்க! ஒவ்வொண்ணும் பல்பு போட்டுப் பார்த்துத்தான் அனுப்புனமுங்க. என்ற வீட்டுக்காரர் சுத்துனது புகையாது. நீங்க என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலக்கா. இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு, நடுவுல நீள போல்ட் விட்டு இறுக்கினோம். கெட்டியா இருக்கட்டும்னு போல்ட்டோட மேல் முனையையும் மூடியில சேர்த்து நட்டு போட்டுட்டோம்."

போனைப் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் போனில் கத்தியதைக் கேட்டிருக்கிறார். பல்புப் பலகையைக் காட்டினார். கொண்டுவந்தேன். ஒரு டிரான்ஸ்பார்மரை மாட்டச் சொன்னார். மினுக், அணைந்தது. பிறகு கெட்டியான செம்புக் கம்பி ஒன்றைக் காட்டினார். அதை ஓட்டைக்குள் விடச் சொன்னார். விட்டேன். பல்பு எரியவில்லை. கம்பியின் இரண்டு முனையையும் வெளியே வளைத்து ஒன்றோடொன்று முறுக்கச் சொன்னார். முறுக்கினேன். சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அணைத்துவிட்டுக் கம்பியைத் தொட்டால் சுட்டது.

கரண்டி! கட்டைவிரல் ஒரு முனை, நடுவிரல் ஒரு முனை! போல்ட் ஒரு பக்கம்தான் இரும்புப் பெட்டியைத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் தொட்டால் அது தானே ஒரு சுற்றுக் கம்பியாகி எரித்துவிடும். அதைத்தான் ஒரு வாரத்துக்கு முன்னால், நான் முதல் பெட்டிகளை ஒட்டிய கையோடு, ரசக் கரண்டியை வைத்துக்கொண்டு மனுஷன் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார். நான் பைத்தியம் என்று நினைத்துவிட்டேன்.

புத்தி போகவில்லை. ஒரு துளி போகவில்லை. என் புத்திதான் போயிருந்தது.

போனை அவர் காதில் வைத்தேன். இலியாஸ், "ரெண்டு பக்கமும் தொடக் கூடாதுங்களா சார்?" என்று கேட்பது எனக்கே கேட்டது. இவர் "ம்ஹூம்!" என்று வீடு அதிரச் சத்தம் போட்டார். அந்தப் பக்கம் வாத்தியார் சிரிக்கிறார், இந்தப் பக்கம் இவர் சிரிக்கிறார். ஜூன் மாதத்துக்கப்புறம் முதல் சிரிப்பு. முகம் தெரியாத வாத்தியாருக்குக் கொடுத்தார்.

எனக்குப் பொறாமை இல்லை.

இரவு ஜாக்கெட் அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பெட்டிக்கு ஒன்று வைத்துவிட்டேன்: "போல்ட் ஒரு பக்கம் மட்டும் இரும்புப் பெட்டியைத் தொடலாம். ரப்பர் வாஷர் கட்டாயம். இப்படிக்கு, ஆறுச்சாமி, கணபதி ஏரியா, கோவை."

அக்டோபர் 3, வியாழன்

தினமும் பத்து மணிக்குக் கடை திறக்கிறோம். மதுரை, சேலம், திருச்சி, ஒரு பார்சல் கொச்சிக்கு. பாதி போயிற்று. கேள்விகள் வர வர அவர் கை சுறுசுறுப்பாகிறது. வலது கைக்கும் வேலை கொடுக்கிறார், டேப்பின் முனையை அழுத்திப் பிடிக்கிறது அது. ஜெனிபர் மேடம், "என்னம்மா பண்றீங்க வீட்ல? கண்ணுல வெளிச்சம் வந்துருக்கே" என்றார்.

"கோவமா இருந்தாப் பேச்சு வராம இருக்குமுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"கோவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதானுங்க."

'தெய்வா' மட்டும் இன்னும் முகத்தைத் திருப்ப வைக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

அவர் கம்பி சுற்றும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பல்புப் பலகைக்கும் வைத்தேன். என் தையல் மெஷினுக்கு வைக்கப் போனபோது அவர் கை நீட்டிக் குங்குமச் சிமிழை வாங்கினார். நடுங்குகிற வலது கையால் என் மெஷினுக்கு அவரே பொட்டு வைத்தார். கோணலாக விழுந்தது. துடைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

எதனால் பேச்சு நின்றது என்று மறந்துவிட்டதாக எழுதியிருந்தேன். மறக்கவில்லை. மறக்கிற விஷயமா அது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவர் பழனிக்குப் பாத யாத்திரை போயிருந்தார். வினோதினியைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீடு முழுக்கப் பெட்டி. ஆத்திரத்தில் முப்பது பீஸைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். வீட்டில் கிடைத்த சிவப்பு நூலில் நானே வாயைத் தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் அறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிலோவுக்கா போட்ட, தெய்வா?" என்றார். கத்தவில்லை. அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

விற்றிருந்தால் கோபித்திருக்க மாட்டார். யாராவது ஒருவர் இது என்னவென்று தெரிந்து வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் அவர் கைவேலையைத் தராசில் போட்டேன். அது தப்பு என்று அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 4, திங்கள்

இன்னும் பதினெட்டுதான். செயலியில் இருந்து விளம்பரத்தை எடுத்துவிட்டேன். ஏதோ கோளாறு என்று வினோதினியிடம் சொன்னேன். கட்டில் போட இடம் தாராளமாகவே வந்துவிட்டது, அதற்காகத்தான். தீர்ந்து போனால் அப்புறம் காலை பத்து மணிக்கு என்ன செய்வது?

நவம்பர் 6, புதன்

கட்டில் சட்டத்தில் தட்டுகிறார். போனைக் காட்டுகிறார். ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார். வியாபாரிக்குக் கை அரிக்கிறது. வேறு வழியில்லாமல் திரும்பப் போட்டேன். ஒரே நாளில் பதினெட்டும் இலியாஸுக்கே போயின. அந்த வாத்தியாருக்கு அவசரம்.

நவம்பர் 14, வியாழன்

கட்டிலைப் பட்டறைக்கு மாற்றுகிற நாள். கூட்டிப் பெருக்கலாம் என்று பின் சுவரோரம் மேஜையை இழுத்தேன். அடியில் ஒரு சாக்கு. கனம். அசைக்க முடியவில்லை.

இழுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வாய் தைத்திருந்தது. சிவப்பு நூல்.

அது என் தையல். மூட்டைக்கும் முடிச்சை உள்பக்கம் மறைத்துப் போடுகிறவள் இந்தக் கோயமுத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரும்புக்கடைக்காரர் சுண்ணாம்பில் எழுதிய எடை சாக்கின் மேல் பாதி அழிந்து இருந்தது. ஒரு தையல்கூட அறுபடவில்லை.

அன்றைக்கே போய் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தோளில் வைத்தா, சைக்கிளிலா, தெரியாது. பழனி நடந்த காலோடு. என்னிடம் சொல்லவில்லை. குத்திக் காட்டவில்லை. பிரிக்கவும் இல்லை. ஒன்பது வருஷம் அவர் உட்கார்ந்து வேலை செய்த மேஜைக்கு அடியில், காலடியில் வைத்திருந்திருக்கிறார். நான் ஏன் ஒருநாள்கூட அந்த அறையைப் பெருக்க உள்ளே போகவில்லை?

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேனோ. ஹாலில் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து அவரே வந்து வாசற்படியில் நின்றார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு நின்ற அதே இடம்.

பிரிட்ஜ் அங்கே இல்லை. பல்புப் பலகையும் இல்லை. அவர் முகம் மட்டும்தான் இருந்தது.

"ஏனுங்க" என்றேன். ஒன்பது வருஷம் ஒரு சொல்லுக்கு எவ்வளவு துரு பிடிக்குமோ அவ்வளவும் தொண்டையில் இருந்தது. "ஏனுங்க, நாந்தானுங்க தப்புப் பண்ணுனது. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். உங்க கைவேலைய எடைக்குப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சுப் போடுங்க."

அவர் மெதுவாக வந்து சாக்கின் மேலேயே உட்கார்ந்தார். என் தலையில் கை வைத்தார், வலது கை, அந்த நடுங்குகிற கை. வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் மனசுக்குள் தெய்வா, தெய்வா என்று சொல்லிக்கொடுத்தேன், ஜெனிபர் மேடம் மாதிரி.

"கி..." என்றார். "கி...லோ..."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கிலோ...வுக்...கா?"

கோபமே இல்லை அதில். ஒரு பக்கம் கோணிய வாய் இன்னொரு பக்கம் சிரிக்கிறது! ஐந்து மாதமாக வராத பேச்சு, வந்ததும் வராததுமாக என்னைக் கேலி செய்கிறது. ஒன்பது வருஷமாக அந்த மனுஷன் வாயில் அந்த ஒரு கேள்வியே நின்றிருந்திருக்கிறது. நான் பதில் சொல்லாமல் வேறு எந்தச் சொல் அதைத் தாண்டி வரும்?

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"இல்லீங்க. பீசுக்குத்தானுங்க. எல்லாமே பீசுக்குத்தான் போச்சுதுங்க."

நவம்பர் 15, வெள்ளி

இன்று சொன்னது: கத்தரி. சாக்கின் சிவப்பு நூலை அவரே அறுத்தார். முப்பது பீஸ். முதல் பீஸை மாட்டினேன், சுவிட்சைப் போட்டார். மினுக், அணைந்தது.

"நல்ல வேலைக்காரருங்க நீங்க" என்றேன், முகத்தைப் பார்த்து. அடுத்ததை மாட்டு என்று கை காட்டினார்.